ஒருமுற்றப் பள்ளியின் தாங்கிகள்

கோவையில் ஒரு பெரிய பள்ளியின் சேர்க்கைத் தேர்வில் நறுமுகை கணக்குத் தாளை வெறுமையாகக் கொடுத்துவிட்டு வந்தாள். பெயரும் பிறந்த தேதியும் மட்டும் அழகான கையெழுத்தில் இருந்தன. பள்ளியின் முதல்வர் அவளுடைய தாய் செந்தாமரையை அறைக்குள் கூப்பிட்டுத் தாளை மேசைமேல் வைத்தார். பிள்ளை பயந்துவிட்டாளோ என்று வாய்மொழியாகவும் கேட்டுப் பார்த்ததாகவும், அரையோடு காலைக் கூட்டினால் என்ன வரும் என்பதுகூட அவளுக்குத் தெரியவில்லை என்றும் தணிந்த குரலில் சொன்னார். பிறகு கொஞ்சம் தயங்கி, "நீங்க ஒருமுற்றப் பள்ளியை டிசைன் பண்ணினவங்கதானே மேடம்?" என்று கேட்டார்.

செந்தாமரை ஆமென்றாள். அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

திரும்பும் வழியில் நறுமுகை காரின் பின்னிருக்கையில் மிளகாய்ப்பொடி தூவிய கொய்யாவைக் கடித்தபடி வந்தாள். பதின்மூன்று வயது. அவள் முகத்தில் வெட்கமோ பயமோ இல்லை. அந்தத் தாளில் இருந்ததெல்லாம் தனக்குச் சம்பந்தமில்லாத வேறு யாருடைய வேலையோ என்பதுபோல் இருந்தாள். அதுதான் செந்தாமரையை உறுத்தியது. படிக்காமல் ஏமாற்றிய பிள்ளையின் முகம் அப்படி இருக்காது.

ஒருமுற்றப் பள்ளி உடுமலைக்கு வெளியே, காற்றாலைகள் நிற்கும் மேட்டில் இருந்தது. ஓர் அறக்கட்டளை அதை நடத்தியது. அங்கே வகுப்புகள் கிடையாது. ஆறு வயதுக் குழந்தையும் பதினான்கு வயதுப் பிள்ளையும், கண் தெரியாதவர்களும் சக்கர நாற்காலியில் வருபவர்களும், பேசவே பேசாதவர்களும் ஒரே கூரையின் கீழ் படித்தார்கள். பதினான்கு முடிந்தால் வேறு பள்ளிக்குப் போக வேண்டும். படிக்கட்டு ஒன்றுகூட இல்லாத கட்டடம். கைப்பிடிகள் இரண்டு உயரங்களில் ஓடின. கூச்சல் தாங்காத குழந்தை ஓடி ஒடுங்கிக்கொள்ள ஆங்காங்கே சுவரில் குழிந்த இடங்கள் இருந்தன.

ஊரெல்லாம் பேசியது அந்தச் சுவர்களைப் பற்றித்தான். கம்பளி போர்த்திய அந்தச் சுவர்கள் கூரையில் பதித்த தண்டவாளங்களில் ஓசையில்லாமல் நகர்ந்தன. தரைக்கடியில் இருந்த உணரிகள் ஒவ்வொரு பிள்ளையின் காலடியையும் அடையாளம் வைத்திருந்தன. கூரையிலிருந்தவை குரலையும் மூச்சையும் கேட்டன. காலையில் எல்லாரும் நடுமுற்றத்தில் வந்து நின்றதும், அன்று யார் யாரோடு சேர்ந்து உட்கார்ந்தால் நல்லது என்று கட்டடமே முடிவு செய்து, அதற்கேற்ப அறைகளை உண்டாக்கும். ஒவ்வொருவர் காலடியிலிருந்தும் அவரவர் நிறத்தில் ஓர் ஒளிக்கோடு கிளம்பி ஓடும். கண் தெரியாதவர்களுக்குப் பாதத்தின் கீழே தரை மெலிதாக அதிரும். அதைத் தொடர்ந்து போனால் தன்னுடைய இடம் வந்துவிடும்.

கட்டடத்தை வரைந்தவள் செந்தாமரை. யார் யாரோடு சேரவேண்டும் என்று முடிவு செய்யும் மென்பொருளை எழுதியவன் ஜோதிலிங்கம். அதற்குச் 'சேர்ப்பான்' என்று பெயர் வைத்திருந்தான். இருவரும் கல்லூரிக் காலத்து நண்பர்கள். அவன் அவள் வீட்டில் சாப்பிடாத வாரம் குறைவு. நறுமுகை அவனை மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

பள்ளி திறந்த சமயத்தில் பெற்றோர்கள் தயங்கினார்கள். ஊனமுற்ற பிள்ளைகளோடும் சின்னதுகளோடும் உட்கார வைத்தால் தங்கள் பிள்ளை மந்தமாகிவிடாதா என்று நேருக்கு நேராகவே கேட்டார்கள். செந்தாமரை கூட்டத்தில் எழுந்து, இந்தப் பள்ளியில் சேரும் முதல் பிள்ளை என் பிள்ளைதான் என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காகவே பலர் சேர்த்தார்கள். மாதாமாதம் வரும் அறிக்கையில் 'வளர்ச்சி மிக நன்று' என்றிருக்கும். அது யாருடைய வளர்ச்சி என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்ததும் அடுப்படியில் வைத்து மகளிடம் மெதுவாக விசாரித்தாள். பள்ளியில் நாள் முழுக்க என்ன செய்வாய் என்று கேட்டாள். நறுமுகை யோசிக்காமல் பதில் சொன்னாள். எழிலன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். எழிலனுக்கு எட்டு வயது. பேச்சு வராது. சுவர் நகர்ந்தால் அலறி, தலையை இடித்துக்கொள்வான். அவள் முதுகில் கை வைத்தால் அடங்கிவிடுவான். அவன் அடங்கியதும் கோடு வேறு எங்காவது கூட்டிப்போகும். அங்கே வேறு யாராவது அழுதுகொண்டிருப்பார்கள்.

"அப்ப நீ எப்பத்தான் கண்ணு படிப்பே?"

"இதுதானம்மா படிப்பு. நீங்கதான அப்படிக் கட்டுனீங்க."

மறுநாள் செந்தாமரை பள்ளிக்குப் போய் முற்றத்துத் தூணோரம் உட்கார்ந்துகொண்டாள். சுவர்கள் அசையத் தொடங்கியபோது எழிலன் இன்னும் அழவில்லை. மூச்சுதான் கொஞ்சம் வேகமாகியிருந்தது. அதற்குள் நறுமுகையின் ஊதாக்கோடு அவன் காலடிக்கு ஓடிவிட்டது. அவள் போய் உட்கார்ந்து, அவன் முதுகில் உள்ளங்கையை வைத்து, வாய்க்குள்ளேயே ஏதோ முனகினாள். பையன் அவள் தோளில் சாய்ந்தான். அதே அறையில், அவளுக்கு முதுகுப்பக்கம், மற்ற பிள்ளைகள் வண்ண மரக்கட்டைகளை வைத்துக்கொண்டு பின்னக் கணக்குப் போட்டார்கள். எழிலனும் கொஞ்ச நேரத்தில் இரண்டு கட்டைகளை எடுத்துப் பொருத்திப் பார்த்தான். ஆசிரியை மகிழ்ந்துபோய் அவன் கன்னத்தைத் தட்டினார். நறுமுகை அவர்கள் பக்கம் திரும்ப முயன்றாள். அப்போது அவள் கோடு மறுபடி ஒளிர்ந்தது. மூன்று அறைகள் தள்ளி ஒரு சிறுமி பதறிக்கொண்டிருந்தாள். நறுமுகை முகம் சுளிக்காமல் எழுந்து போனாள்.

மாலைவரை இப்படித்தான் நடந்தது. புழுக்கம் உள்ள இடத்துக்கு மின்விசிறியை இழுத்துப் போடுவதுபோல் கட்டடம் நறுமுகையை இழுத்துப் போட்டுக்கொண்டே இருந்ததைச் செந்தாமரை பார்த்தாள்.

பிள்ளைகள் போன பிறகு ஜோதிலிங்கத்தைத் தேடி இயந்திர அறைக்குப் போனாள். அவள் முதலில் வரைந்தபோது அது இயந்திர அறை அல்ல. சிறப்பு ஆசிரியர்கள் உட்காரவும், ஒரு குழந்தையைத் தனியாக வைத்துச் சொல்லிக் கொடுக்கவும் வெளிச்சம் விழும்படி வரைந்த அறை. கட்டடம் நன்றாக வேலை செய்கிறது, அத்தனை ஆட்கள் எதற்கு என்று அறக்கட்டளைக்காரர்கள் முதல் ஆண்டிலேயே சிறப்பு ஆசிரியர்களை அனுப்பிவிட்டார்கள். அப்போது அவளும் அதைக் கட்டடத்துக்குக் கிடைத்த பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டாள்.

அவள் பார்த்ததைச் சொல்லச் சொல்ல ஜோதிலிங்கம் மறுக்கவில்லை. நாற்காலியை இழுத்து அவளுக்குப் போட்டான். அவள் உட்காரவில்லை.

"சேர்ப்பான்கிட்ட நாஞ் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான், தாமர. ஒரு புள்ளையும் விட்டுப் போகக்கூடாது, மொத்தப் பள்ளிக்கூடமும் முன்னேறோணும்னு. வழிய அதுவாத்தான் கண்டுபிடிச்சுது. செல புள்ளைங்க பக்கத்துல இருந்தா மத்ததுக அமைதியாயிடுதுக. அந்த மாதிரிப் புள்ளைங்களத் தாங்கின்னு வெச்சுக்குது."

"தாங்கின்னா?"

"செவுரு, விளக்கு, சாய்தளமெல்லாம் எந்தக் கணக்குல வருதோ அந்தக் கணக்கு."

"அப்ப அவ படிக்கறது?"

அவன் திரையைப் பார்த்தபடி சொன்னான். "தாங்கி படிக்குதான்னு அது பாக்கறதில்ல."

இதுபோல் இன்னும் சில பிள்ளைகள் இருப்பதாகவும், ஏறக்குறைய எல்லாருமே பெண்பிள்ளைகள்தான் என்றும் அவன் சொன்னான். பெண்பிள்ளைகளாகப் பார்த்து எடுக்கும்படி தான் அதற்குச் சொல்லிக் கொடுக்கவில்லை என்றான். வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துப் பழகியவர்கள், அதற்குக் கிடைத்தவர்கள் அவர்கள்தான் என்றான். எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டாள். முதல் ஆண்டே தெரியும் என்றான். சொன்னால் பள்ளியை மூடிவிடுவார்கள், எழிலன் மாதிரிப் பிள்ளைகள் மறுபடி வீட்டுக்குள் கிடப்பார்கள், இதைப் பார்த்து மற்ற ஊர்களில் கட்டப்போகும் பள்ளிகளும் நின்றுபோகும் என்று நினைத்தானாம். அவன் சொன்ன ஒவ்வொன்றிலும் நியாயம் இருந்தது. அத்தனை ஆண்டுகளாக அவள் வீட்டில் உட்கார்ந்து, நறுமுகை பரிமாறிய சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டே அந்த நியாயங்களை அவன் மனதுக்குள் வைத்திருந்திருக்கிறான் என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அவனுடைய மகன் ஆதவனும் அங்கேதான் படித்தான். நறுமுகையின் வயது. பொறுமையான பையன். கணக்கில் கெட்டிக்காரன்.

"ஆதவன அது தாங்கியா எடுக்கலையா?"

ஜோதிலிங்கம் அவளுக்குப் போட்ட நாற்காலியை மறுபடி உள்ளே தள்ளினான்.

"எடுத்துது. மொத மாசமே எடுத்துது. நாந்தான் அவன வெலக்கி வெச்சேன்."

செந்தாமரைக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. இவனை எத்தனை பேரிடம் தன் அண்ணன் மாதிரி என்று சொல்லி அறிமுகப்படுத்தியிருக்கிறோம் என்ற நினைப்பு மட்டும் சம்பந்தமில்லாமல் வந்தது. கடைசியில் அவள் வாயிலிருந்து வந்தது இவ்வளவுதான்:

"எம் பொண்ண மொதல்ல அதுலிருந்து எடு. மத்தவங்களப் பொறகு பேசிக்கலாம்."

அவள் நின்றுகொண்டிருக்கும்போதே அவன் தாங்கிகளின் பட்டியலிலிருந்து நறுமுகையின் பெயரை நீக்கினான். ஒரு வாய் தண்ணீர் குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை.

மற்ற பிள்ளைகளைப் பற்றிய அந்தப் பேச்சு நடக்கவே இல்லை. முதலில் வெளிமாநிலத்திலிருந்து பள்ளியைப் பார்க்கக் குழு வந்தது. அவர்கள் போகட்டும் என்றிருந்தாள். பிறகு மற்ற ஊர்ப் பள்ளிகளுக்கான வரைபடங்களை அவசரமாக முடிக்க வேண்டியிருந்தது. வரைபடங்களில் சிறப்பு ஆசிரியர்களுக்கு ஓர் அறையைப் பெரிதாகப் போட்டாள். அறக்கட்டளை அதைச் சிறிதாக்கச் சொன்னது. ஆக்கினாள். ஜோதிலிங்கம் நினைவுபடுத்தவில்லை, அவளும் கேட்கவில்லை. சில வாரங்கள் வராமல் இருந்தவன் ஒரு மதியம் வந்து பழையபடி சாப்பிட்டுவிட்டுப் போனான். ரசம் நன்றாக இருந்தது என்றான்.

நறுமுகையிடம், நீ வளர்ந்துவிட்டாய், அதனால் கட்டடம் உன்னை மாற்றியிருக்கிறது என்று செந்தாமரை சொல்லியிருந்தாள். பெண் நம்பினாள். பின்னக் கணக்கை மளமளவென்று பிடித்துக்கொண்டாள். ஒரு நாள் சமன்பாடு ஒன்றைத் தானாகவே போட்டுவிட்டு, இது இவ்வளவு சுலபம் என்று யாருமே சொல்லவில்லையே என்று சிரித்தாள். செந்தாமரை அன்று குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். மகள் பிழைத்துவிட்டாள் என்ற நிம்மதியில் அழுவதாகத்தான் அவள் நினைத்தாள்.

ஒரு மாலை நறுமுகை பள்ளியிலிருந்து வந்து, பையைக்கூடக் கழற்றாமல் எதிரில் நின்றாள். தென்றல் என்றொரு சிறுமியைப் பற்றிப் பேச்செடுத்தாள். ஒன்பது வயது. பள்ளிச் சமையலறையில் வேலை செய்பவரின் மகள். போன மாதம்தான் சரளமாகப் படிக்கத் தொடங்கி, எல்லாருக்கும் கதை வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தவள். இப்போது எழிலன் பக்கத்தில் அவன் முதுகில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளாம். கதைப் புத்தகத்தை மடியில் வைத்திருக்கிறாள், ஆனால் திறக்க நேரமில்லையாம்.

"என்னைய மாத்துனது கட்டடமாம்மா, நீங்களா?"

"கட்டடந்தான் கண்ணு."

"மாமா வேற மாதிரி சொன்னாரு."

ஜோதிலிங்கம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தான். ஏன் சொன்னான் என்பது செந்தாமரைக்குக் கடைசிவரை புரியவில்லை. மறைத்து மறைத்துச் சலித்துப்போயிருக்கலாம். இனிக் குற்றவாளி தான் ஒருவன் மட்டுமல்ல என்ற துணிச்சலாகவும் இருக்கலாம்.

"தென்றலையும் அதுலிருந்து எடுக்கச் சொன்னீங்களா?" என்று நறுமுகை கேட்டாள்.

செந்தாமரை அவள் தோளிலிருந்து பையைக் கழற்றக் கை நீட்டினாள். நறுமுகை தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள்.

அந்த மாதப் பெற்றோர் கூட்டத்தில், முற்றத்தில் எல்லாரும் உட்கார்ந்திருக்க, நறுமுகை எழுந்து நடந்ததைச் சொன்னாள். தாங்கி என்றால் என்ன, யார் யார் தாங்கிகள், தன்னை மட்டும் எப்படி நீக்கினார்கள், ஆதவனை எப்படி விலக்கி வைத்தார்கள் என்று வரிசையாகச் சொன்னாள். அழவில்லை. தாயின் பெயரைச் சொல்லும்போதும் குரல் மாறவில்லை. பெற்றோர்களில் சிலர் எழுந்து நின்றுவிட்டார்கள். உங்கள் பிள்ளை சேர்ந்ததால்தானே நாங்கள் சேர்த்தோம் என்று ஒருவர் செந்தாமரையைப் பார்த்துச் சொன்னார். தென்றலின் தாய் சமையலறை வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

எல்லார் பேச்சும் அடங்கிய பிறகு எழிலனின் தாய் சுகந்தி எழுந்தாள். நூல்மில்லில் வேலை பார்ப்பவள். கணவன் இல்லை. எழிலனைச் சேர்த்துக்கொள்ளக் கேட்டு ஏறாத பள்ளி இல்லை. அவள் கோபமாகப் பேசவில்லை.

"எம்பட பையன் தேறிட்டு வர்றான், கட்டடமே அவன அமைதிப்படுத்துதுன்னு சொன்னீங்க. நானும் நிம்மதியா மில்லுக்குப் போயிட்டு வந்தனுங்க. அப்ப அவன் தேறலீங்களா? இன்னொரு புள்ள அவனத் தூக்கிச் சொமந்துட்டு இருந்துதுங்களா?"

செந்தாமரைக்குப் பதில் தெரியும். அவன் தேறித்தான் இருந்தான். மரக்கட்டைகளை அவன் பொருத்தியதை அவளே பார்த்திருக்கிறாள். ஆனால் அதைச் சொல்ல எழுந்தால் யார் நம்புவார்கள் என்று நினைத்து உட்கார்ந்தே இருந்தாள். ஜோதிலிங்கம் கூட்டத்துக்கு வரவில்லை.

அறக்கட்டளை மறுநாளே சேர்ப்பானின் விதியை மாற்றியது. எந்தப் பிள்ளையையும் இன்னொரு பிள்ளைக்குத் தாங்கியாக வைக்கக்கூடாது. எளிதான வேலைதான், ஒரே ஒரு வரி. தென்றல் தன் புத்தகத்துக்குத் திரும்பினாள். அடுத்த திங்கட்கிழமை காலை பிள்ளைகள் முற்றத்தில் நின்றபோது எல்லாருடைய கோடுகளும் அறைகளை நோக்கி ஓடின. எழிலனின் பச்சைக்கோடும் இன்னும் சிலருடையவையும் எதிர்ப்பக்கமாக, வெளிவாசலுக்குப் போயின. அவர்களை எந்த அறையில் வைத்தாலும் மற்றவர்கள் படிப்பு குறையும் என்று சேர்ப்பான் கணக்குப் போட்டிருந்தது. எழிலன் அலறவில்லை. வழக்கம்போல் கோட்டின்மேல் ஒவ்வோர் அடியாக வைத்து நடந்து வாசலுக்கு வந்து, அது முடிந்த இடத்தில் நின்றான். மகனை விட்டுவிட்டு மில்லுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த சுகந்தி திரும்பிப் பார்த்தாள். அவன் கையைப் பிடித்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் போய்விட்டாள்.

செந்தாமரை அறக்கட்டளை அலுவலகத்துக்கு அலைந்தாள். இயந்திர அறையாக்கிய அந்த அறையைத் திருப்பிக் கொடுங்கள், சிறப்பு ஆசிரியர்களை வேலைக்கு வையுங்கள், கட்டடம் ஒருநாளும் மனிதர்கள் செய்யும் வேலையைச் செய்யவில்லை, பிள்ளைகளை வைத்துச் செய்துகொண்டது என்று விளக்கினாள். அவர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். பரிசீலிக்கிறோம் என்றார்கள். இதை அப்போதே சொல்லியிருக்கலாமே மேடம் என்று ஒருவர் கேட்டார். மற்ற ஊர்களுக்கான வரைபடங்களிலிருந்து விலகிக்கொண்டாள். அவற்றை வேறொருவர் முடித்துக்கொடுத்தார். ஜோதிலிங்கம் குடும்பத்தோடு சென்னைக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டாள்.

மழைக்காலம் முடிந்த சமயத்தில் சந்தையில் சுகந்தியைப் பார்த்தாள். ஒதுங்கிப் போய்விடலாம் என்று திரும்புவதற்குள் சுகந்தியே பக்கத்தில் வந்துவிட்டாள். மில் வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே தைக்கிறாளாம். எழிலன் எப்படி இருக்கிறான் என்று செந்தாமரை கேட்டாள்.

"காலைல எந்திரிச்சதும் வாசல்ல போயி நின்னு தரையவே பாக்கறானுங்க. வெயில் ஏறுற வரைக்கும் பாப்பான். அப்புறம் உள்ள வந்து படுத்துக்குவான்." சுகந்தி தக்காளிப் பையைக் கை மாற்றிக்கொண்டாள். "நறுமுகை ஒரு ஞாயித்துக்கிழம வந்துட்டுப் போகுமுங்களா? வேலைக்கு இல்லீங்க. அவனப் பாத்துக்கறதுக்கும் இல்லீங்க. சும்மா வந்து டீ குடிச்சுட்டுப் போகட்டும். அவனுக்கு அதுபேர்ல பிரியமுங்க."

கேட்டுச் சொல்கிறேன் என்றாள் செந்தாமரை.

நறுமுகை உள்ளூரிலேயே வேறு பள்ளியில் சேர்ந்திருந்தாள். வீட்டில் அவள் பேசாமல் இருக்கவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், சாப்பாடு நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்றாள். ஆனால் எதைச் சொன்னாலும் ஒரு கணம் நிதானித்து, தாயின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் எடுத்துக்கொண்டாள். சுகந்தி கேட்டதைச் சொன்னபோதும் அப்படித்தான் பார்த்தாள்.

"அவங்களாக் கேட்டாங்களா, நீங்க கேக்க வெச்சீங்களா?"

"அவங்களாத்தான் கேட்டாங்க."

உண்மையைத்தான் சொன்னாள். அது மகளிடம் போய்ச் சேர்ந்ததா என்று தெரியவில்லை. நறுமுகை பேனாவின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

"எழிலன எனக்குப் பிடிக்கும்னு நெனச்சிட்டு இருந்தேம்மா. அவன் தோள்ல சாயறப்ப நல்லாத்தான் இருக்கும். இப்ப யோசிச்சா, அது நானா, இல்ல கட்டடம் தெனமும் அங்க கொண்டுபோயி உக்கார வெச்சதால வந்ததான்னே தெரியல. எனக்குப் பிடிச்ச வேற எதையும் இப்படித்தான் யாராச்சும் பிடிக்க வெச்சாங்களோன்னு இருக்கு. தெரிஞ்சதுக்கப்புறம் போறேன்."

"எப்பத் தெரியும்?"

"எனக்கெப்படித் தெரியும்?" என்று சொல்லிவிட்டு அவள் எழுதத் தொடங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை செந்தாமரை சுகந்திக்குப் போன் செய்தாள். மகள் சொன்னதை எப்படிச் சொல்வது என்று வார்த்தை தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை. நறுமுகைக்குப் பரீட்சை, அடுத்த மாதம் பார்க்கலாம் என்று சொன்னாள்.

"செரிங்க," என்றாள் சுகந்தி. "நல்லாப் படிக்கச் சொல்லுங்க."